பையை வெளியே வையுங்கள்

அன்புள்ள சார்,

கேமரா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்களுக்கு ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் மூடுபனியுமாக இருந்தது. கேமராவைப் பையோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். செருப்பு டப்பாக்களில் வந்த, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தையும் போட்டிருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால், அப்பாவின் பழைய 50 எம்எம் லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. அம்மா அரிசி டிரம்மில் வைக்கச் சொல்கிறார். நண்பர்கள் டிரை கேபினெட், அதாவது ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்சார அலமாரி, வாங்கச் சொல்கிறார்கள். எது சரி? அந்த லென்ஸ் அவ்வளவுதானா?

கே., நாகலூர்

அன்புள்ள கே.,

அது பூஞ்சைதான். எனக்கும் நடந்திருக்கிறது, அதுவும் வெயிலுக்குப் பேர்போன சேலத்தில் உட்கார்ந்துகொண்டு. ஏற்காட்டில் நனைந்த பையை மேலாகத் துடைத்து அலமாரியில் வைத்தவன், இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஜிப்பைத் திறந்ததும் நனைந்த கோணிச்சாக்கு நாற்றம். உள்ளே இருந்த ஸ்பாஞ்சை அமுக்கினால் விரல் சில்லிட்டது. லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூன்று வெள்ளை இழைகள், வேர் மாதிரி.

நீங்கள் காபிக்காரர், உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. களத்தில் சரியாகக் காயாத கொட்டையை மூட்டை கட்டிக் குடோனில் போட்டால் என்ன ஆகும்? அதையேதான் நாம் கேமராவுக்குச் செய்கிறோம். குற்றம் மழையின் மேல் இல்லை, பையின் மேல்.

ஒரு சின்னக் கணக்கு. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய தண்ணீரே சுமார் 23 கிராம்தான். 20 லிட்டர் டப்பாவில் அடைபடும் காற்றில் அரை கிராம்கூடத் தேறாது. 100 கிராம் நல்ல சிலிகா ஜெல்லோ ஏறக்குறைய 20 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆக, இறுக்கமாக மூடிய டப்பாவில் காற்றின் ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்பாஞ்சு, துணி, கழுத்துப்பட்டை, தோல் உறை இவையெல்லாம் குடித்து வைத்திருக்கும் ஈரம்தான் பிரச்சினை. பையைத் தனியாக ஆணியில் தொங்கவிடுங்கள். தோல் உறையும் வெளியே.

உங்கள் பீரோவில் இன்னொரு கோளாறு. கதவிடுக்கில் காற்று போய்வந்துகொண்டே இருக்கும். அதற்குள் நாலு பொட்டலத்தைப் போடுவது, சேர்வராயன் மலையையே உலர்த்தச் சொல்லி அனுப்புவது மாதிரி. செருப்போடு வந்த பொட்டலம் கடைக்கு வரும்போதே பாதி நனைந்துதான் இருக்கும்.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ ஆரஞ்சு நிற சிலிகா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. ஒரு கேமரா, இரண்டு லென்ஸுக்கு இது போதும். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் காட்டட்டும். 60, 65க்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதற்காக 30க்குக் கீழேயும் வேண்டாம், ரப்பரும் கிரீஸும் காய்ந்துபோகும். இறங்கினால் கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள். மலிவு மீட்டரை நம்பலாமா என்றால், பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைச் சொதசொதவென்று நனைத்து, மீட்டரோடு ஒரு ஜிப் கவரில் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆரஞ்சு ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் கிளறினால் திரும்ப ஆரஞ்சு. நீலம் வேண்டாம், அந்த நிறம் கோபால்ட் உப்பால் வருவது, நஞ்சு.

அரிசி டிரம்மில் அரிசியே இருக்கட்டும். ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, மாவுதான் லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும். பாச்சை உருண்டையும் கூடாது. டிரை கேபினெட் நல்ல பொருள்தான், பத்து லென்ஸ் சேர்ந்த பிறகு வாங்கலாம். முன்பு சிலர் பீரோவுக்குள் சின்னக் குண்டு பல்பை எரியவிடுவார்கள். அதிலும் விஷயம் உண்டு. 20 டிகிரியில் 90 சதவீத ஈரம் உள்ள காற்றை 25 டிகிரிக்குச் சூடேற்றினாலே 70க்குக் கீழே வந்துவிடும். ஆனால் துணிமணிக்கு நடுவில் எரியும் பல்பு எனக்குப் பயம்.

அப்பாவின் லென்ஸுக்கு வருவோம். பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இழைகள் ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் காத்திருக்க வேண்டாம். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேல் உள்ள மெல்லிய பூச்சை, அதாவது கோட்டிங்கை, அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. என்னுடையதில் மூன்றில் ஒரு இழையின் தடம் அப்படியே நின்றுவிட்டது. எதிர்வெயிலில் எடுத்தால் மட்டும் லேசாகப் புகை மூட்டம். இன்னும் அதில்தான் எடுக்கிறேன்.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்துத் தருவார். கொண்டு வரும்போது வீட்டிலேயே ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி மூடிவிடுங்கள். மேலே குளிர்ந்த கண்ணாடி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துப் புழுக்கத்தில் திறந்தால், அந்த நிமிடமே வியர்த்துவிடும். நேரே என் வீட்டுக்கு வாருங்கள். கண்ணாடியின் குளிர் விட்டுக் கவரைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் தோட்டத்துப் பொடி இருந்தால் கொஞ்சம் கொண்டு வாருங்கள்.