தட்டினால் சுண்டுவிரலுக்கு மின்சாரம் பாய்கிறது: நரம்பு செத்துவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. திருகோணமலைச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் தொழில். பங்குனி மாதம் அறக்குளா வெட்டும்போது கத்தி வழுக்கி, இடது மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, சுண்டுவிரல் பக்கமாக ஆழமாக வெட்டிவிட்டது. அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து நரம்பைத் தைத்தார்கள். நான்கு மாதமாகியும் சுண்டுவிரலிலும் மோதிர விரலில் பாதியிலும் உணர்வே இல்லை. உள்ளங்கையின் அடியில் தட்டினால் மட்டும் சுண்டுவிரல் நுனிவரை மின்சாரம் அடிப்பது போல இருக்கிறது என்கிறார். நரம்பு செத்துவிட்டது, ஊசி போட வேண்டும் என்கிறார்கள் அயலவர்கள். அவருடைய தம்பிக்குக் கால் விறைப்பு இருப்பதால், இது பரம்பரை நரம்புத் தளர்ச்சி என்று மாமி அழுகிறார். அவர் எப்போது வேலைக்குப் போகலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்து எழுதியிருக்கும் அந்த வரிதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உள்ளங்கையின் அடியில் தட்டும்போது மின்சாரம் அடிப்பது, நரம்பு வளர்ந்து அந்த இடம்வரை வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். முதலாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களைப் பார்த்த இரண்டு மருத்துவர்கள், பிரான்சில் தினெல், ஜெர்மனியில் ஹோஃப்மன், இதை 1915இல் தனித்தனியே எழுதிவைத்தார்கள். புதிதாக வளரும் நரம்பு இழையின் நுனிக்கு இன்னும் உறை மூடவில்லை. அதனால் இலேசாகத் தட்டினாலே அது துடிக்கிறது.

நரம்பைத் தைத்ததும் அறுந்த இரு முனைகளும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். வயரை முறுக்கி இணைப்பதைப் போன்றது அல்ல இது. உங்கள் கணவரின் சுண்டுவிரலை உணரும் இழை ஒவ்வொன்றும் கழுத்தருகே, முள்ளந்தண்டை ஒட்டி இருக்கும் ஓர் உயிரணுவின் நீண்ட வால். வெட்டு விழுந்ததும், அந்த உயிரணுவோடு தொடர்பு அறுந்த கீழ்ப்பகுதி முழுவதும் சில நாட்களில் சிதைந்துவிடும். தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து வோலர் என்ற ஆங்கிலேயர் 1850இல் இதைக் கண்டறிந்தார். ஆகவே கீழ்ப்பகுதி செத்துவிட்டது என்று அயலவர்கள் சொல்வது ஒரு வகையில் உண்மைதான். ஆனால் அங்கே வெறும் குழாய்கள் மிஞ்சுகின்றன. இழையைச் சுற்றியிருந்த ஷுவான் உயிரணுக்கள் சிதைந்த கழிவுகளை அகற்றி, அந்தக் குழாய்களுக்குள் வரிசையாக நின்று, மேலிருந்து வரும் புதிய தளிருக்கு வழிகாட்டுகின்றன. சத்திரசிகிச்சை நிபுணர் தைத்தது அந்தக் குழாய்களின் வாயைத்தான். இழை தானாகத்தான் வளர்ந்து வரவேண்டும்.

அது வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். வளர்வதற்குத் தேவையான புரதங்கள் கழுத்தருகே உருவாகி, அரை மீற்றருக்கும் கூடுதலான தூரம் இழைக்குள்ளேயே ஊர்ந்து வரவேண்டியிருக்கிறது. இப்போது நீங்களே கணக்குப் பாருங்கள். வெட்டு விழுந்த இடம் மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் மேலே. முதல் மாதம் தையலைக் கடப்பதிலேயே போய்விடும். மிச்சம் மூன்று மாதம், அதாவது 9 சென்ரிமீற்றர். மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையின் அடியில் இரண்டு சென்ரிமீற்றர்! மின்சாரம் அடிக்கிறது என்று அவர் காட்டும் இடம் அதுதான். அங்கிருந்து சுண்டுவிரல் நுனிக்கு இன்னும் 14 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், அதாவது மேலும் ஐந்து மாதம். அதற்கு முன்பு விரல் விறைத்திருப்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

தசை விடயம் அவசரமானது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம் உள்ள சதை குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதையும் இதே நரம்புதான் இயக்குகிறது. நரம்பு வராமல் ஒன்று, ஒன்றரை வருடம் கடந்தால் தசை அதை ஏற்கும் நிலையை இழந்துவிடும். உங்கள் கணவருக்கு வெட்டு கையின் கீழ்ப்பகுதியில் விழுந்திருப்பதால் அந்தக் காலத்துக்குள் நரம்பு போய்ச் சேர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தோள்பட்டையில் வெட்டு விழுந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதுவரை சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கி போல மடங்கி இறுகிவிடக் கூடாது. வைத்தியசாலையில் தந்த தாங்கியைக் கழற்றி வைக்காமல் போடச் சொல்லுங்கள். இயன்மருத்துவர் காட்டியபடி மற்றக் கையால் அந்த விரல்களை ஒவ்வொரு நாளும் நீட்டி மடக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது வீட்டு வைத்தியத்தில் ஒன்றை. நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பதை நம் வீடுகளில் அன்பாகச் செய்வோம். உணர்வற்ற கைக்கு அதைச் செய்யாதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து கொப்புளம் போட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறிய தழும்பின் மேல் எண்ணெய் பூசி மெல்ல நீவுவதில் தவறில்லை. சந்தையில் ஐஸ் கட்டியும் அதே ஆபத்துத்தான். மீன் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது, இரண்டு நாள் கழித்து வீங்கிய பிறகுதான் தெரியும். தினமும் இரவில் விளக்கடியில் அந்த இரண்டு விரல்களையும் நீங்கள் திருப்பிப் பாருங்கள்.

நரம்பு ஊசி என்று சொல்வது பெரும்பாலும் பி12 உயிர்ச்சத்து. உடலில் அது குறைந்திருந்தால் கட்டாயம் தேவை. குறைவில்லாதவருக்கு அறுந்த நரம்பை அது வேகமாக வளர்த்துவிடாது. அந்தப் பணத்தில் இரத்தத்தில் சீனி அளவைப் பார்த்துவிடுங்கள். நீரிழிவு நரம்பின் வளர்ச்சியைத் தடுக்கும். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாமியின் கவலைக்கு வருகிறேன். உங்கள் கணவரின் நரம்பை வெட்டியது கத்தி. அவருடைய பாதங்களில் குறை எதுவும் நீங்கள் எழுதவில்லை, நரம்பும் கணக்குப்படி வளர்கிறது. தம்பியின் கால் விறைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் நீரிழிவு, பிறகு பி12 குறைவு. இரண்டும் இல்லை என்றால், இரவில் கண் மங்குகிறதா, மணம் தெரியவில்லையா, தோல் செதில் செதிலாக இருக்கிறதா என்று கேளுங்கள். இவை சேர்ந்து வந்தால் ரெஃப்சம் நோய் என்ற மிக அரிதான பரம்பரைக் கோளாறை வைத்தியர் நினைத்துப் பார்ப்பார். மாட்டுக் கொழுப்பிலும் நெய்யிலும் சிலவகை மீன்களிலும் உள்ள பைட்டானிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி இந்த நோயாளிகளிடம் வேலை செய்யாது. அமிலம் வருடக்கணக்கில் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், சொந்தத்தில் முடித்த திருமணங்களில் அதிகம் காணப்படுகிறது. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உணவை மாற்றினால் பெருமளவு கட்டுப்படும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பரிசோதனைக்கு முன்பே வீட்டில் மீனை நிறுத்திவிடாதீர்கள்.

உணர்வு திரும்பும்போது அது பழைய உணர்வாக இராது. சில இழைகள் தவறான குழாய்க்குள் போய்விடும். சுண்டுவிரலைத் தொட்டால் மோதிர விரலைத் தொட்டது போலத் தோன்றும். ஹென்றி ஹெட் என்ற ஆங்கில மருத்துவர் 1903இல் தன் முன்கை நரம்பு ஒன்றைத் தானே வெட்டச் செய்து, உணர்வு எப்படித் திரும்புகிறது என்று நான்கு வருடம் பதிவு செய்தார். அவரைப் பரிசோதித்த ரிவர்ஸ் என்ற மருத்துவர், அதற்குச் சற்று முன்புதான் நீலகிரியில் தோடர் பழங்குடியினரிடையே ஆய்வு செய்து திரும்பியிருந்தார். முதலில் வலியும் சூடு குளிரும்தான் வரும், மென்மையான தொடுகை பிந்தித்தான் வரும் என்பதை அவர்கள் கண்டார்கள். அந்தக் கட்டம் வந்ததும் மூளைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். ஒரு சட்டியில் அரிசியைப் போட்டு அதற்குள் நாணயம், பொத்தான், சோகி ஆகியவற்றைப் புதைத்து வையுங்கள். முதலில் கண்ணால் பார்த்தபடி தடவட்டும், பிறகு கண்ணை மூடித் தேடி எடுக்கட்டும். நாளுக்கு மூன்று தடவை, பத்து நிமிடம் போதும்.

வேலைக்குப் போவது பற்றி: அவர் மீனைப் பிடிப்பது இடது கையால், வெட்டுவது வலது கையால். உணர்வில்லாத விரல்கள் கத்திக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே வெட்டும் வேலை இப்போது வேண்டாம். நிறுப்பது, பணம் வாங்குவது என்று கடையில் அவருக்கு வேறு இடம் கிடைத்தால் நாளைக்கே போகலாம். சுண்டுவிரல் நுனிக்கு உணர்வு வந்து, பிடியும் உறுதியான பிறகு கத்தியைப் பற்றிப் பேசுவோம்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். மின்சாரம் அடிக்கும் முதல் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு கிளினிக் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். மாதம் ஒருமுறை இதேபோல் செய்யுங்கள். புள்ளி விரல் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் பொறுத்திருக்கலாம். இரண்டு, மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ, தையல் போட்ட இடத்தில் தொட முடியாத வலியோடு கட்டி தென்பட்டாலோ அடுத்த முறை வரட்டும் என்று இருக்காதீர்கள். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, தைத்த சத்திரசிகிச்சை நிபுணரிடம் உடனே போங்கள். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை செய்து, கெண்டைக்காலிலிருந்து நரம்புத் துண்டு எடுத்து ஒட்டுவதா, தசைநாரை மாற்றிக் கட்டுவதா என்று அவர் முடிவெடுக்க, நீங்கள் எழுதிவைத்த திகதிகள் கைகொடுக்கும்.