கேள்வி–பதில்: கிடங்குப் பாதுகாப்பு

கேள்வி: செங்குன்றத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் இடித்ததில் ஒரு ரேக்கின் தூண் அடியில் வளைந்திருக்கிறது. சரக்கு அசையாமல் நிற்பதால், ஆண்டு ஆய்வு வரை அப்படியே விடலாம் என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: சரியல்ல. ரேக்கின் தூண் மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்யப்படுவது. நேராக இருக்கும்வரைதான் அதற்கு முழு வலு. இன்று சரக்கு நிற்கிறது என்றாலும், மேல்தட்டில் இன்னொரு பாலட் (சரக்கு அடுக்கும் பலகைமேடை) ஏறும்போதோ வண்டி மறுபடி உரசும்போதோ தூண் மடங்கக்கூடும். அப்போது விட்டங்களால் பிணைந்த பக்கத்துத் தூண்களையும் இழுத்துக்கொண்டு வரிசை முழுவதுமே சரியலாம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்க்கோலை, தூணின் குழிந்த பக்கத்தில், வளைவு கோலின் நடுவில் அமையுமாறு வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிட்டனில் கையாளப்படும் முறைப்படி, விட்டங்கள் ஓடும் திசையில் 5 மி.மீ., ரேக்கின் ஆழத் திசையில் 3 மி.மீ. வரை வளைவு இருந்தால் கண்காணித்தால் போதும். அதைத் தாண்டினால், அங்கிருக்கும் சரக்கை ஒருமுறை இறக்கியபின், பழுது நீங்கும் வரை மீண்டும் ஏற்றக் கூடாது. இதை நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். வளைவு அந்த அளவுகளின் இருமடங்கைத் தாண்டினால் அன்றே சரக்கை இறக்கிவிட வேண்டும். தகடு கிழிந்தோ கூர்மையாக மடிந்தோ இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், தூணை மாற்றிவிடுங்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், மேலே வெல்டிங் வைப்பதும் பழுதை மறைக்குமே தவிர வலுவைத் திருப்பித் தராது.

ஆண்டுக்கொரு முறை நிபுணர் வந்து பார்ப்பது அவசியம்தான். ஆனால் வாரந்தோறும் நீங்களே ஒரு சுற்று நடந்து, தூண்களின் அடிப்பகுதியையும், விட்டங்களின் பூட்டு ஊசிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக் குறித்துவைப்பதுதான் அதிகம் உதவும். இடித்த ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பிடித்தத்துக்குப் பயந்தவர் வளைவின் முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கேள்வி: ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அறையில், சன்னல் திறந்திருந்தும் காற்றுவழி போதாது என்று ஆய்வாளர் எழுதிவிட்டார். ஏன்?

பதில்: ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது ஏறத்தாழ 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். காற்றைவிட மிக இலேசானது என்பதால் அது கூரையடியில் தேங்கும். உங்கள் சன்னல் இடுப்பளவில் இருந்தால் பயன் குறைவு, கூரையை ஒட்டித்தான் வெளியேறும் வழி வேண்டும்.