தேய்த்தாலும் போகாத கறுப்பு

டாக்டரைக் கேளுங்க

கேள்வி: பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆயிருது. பையனுக்கு வயசு 14. உசரம் 160 செ.மீ., எடை 78 கிலோ, 38 இஞ்ச் பேண்ட்டு. டியூசன் முடிஞ்சா ரோட்டுக்கடைக் காளான், இல்லீன்னா பேக்கரியில பப்ஸும் கூல்டிரிங்ஸும். நான் வர நேரமானா பரோட்டா பார்சல். ஒரு வருசமா கழுத்து கறுத்துக் கெடக்குது, பீர்க்கங்காய் நார்ல தேய்ச்சும் போகலைங்க. உசரமானா இளைச்சுருவான்னு மாமியார் சொல்றாங்க. உட்டுரலாமுங்களா? - திருப்பூர் வாசகி

பதில்: அம்மிணி, முதலில் அந்த நாரைத் தூக்கிப் போடுங்கள். அழுக்காக இருந்தால் ஒரே நாளில் போயிருக்கும். கொழுப்பு கூடக் கூட, இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் தோலைத் தூண்டிவிட, கழுத்து மடிப்பும் அக்குளும் தடித்துக் கறுக்கின்றன. தொட்டுப் பாருங்கள், வெல்வெட் மாதிரி இருக்கும். நாளெல்லாம் துணியைத் தடவிப் பார்க்கும் விரலுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா! சர்க்கரை நோய் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் அது.

காளானுக்கு வருவோம். முட்டைக்கோஸை மைதா, சோளமாவில் பிசைந்து எண்ணெயில் பொரித்து, கல்லில் மசாலாவோடு கொத்தி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருகிறார்கள். பல கடைகளில் காளானைத் தேடத்தான் வேண்டும். படிக்கிற காலத்தில் கோவையில் நானும் நின்று தின்றவன்தான், ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மெல்ல என்ன இருக்கிறது? ஐந்து நிமிடத்தில் தட்டு காலி. வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் பையன் இரண்டாவது தட்டை வாங்கியிருப்பான்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்க வைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு. இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். வேண்டுமளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவின்போது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. சாப்பிட்ட வேகமும் கூடுதல். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறிவிட்டது. வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி, உங்கள் பையனைத் தீனிப்பண்டாரம் என்று திட்டாதீர்கள்.

இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு 80 செ.மீ. 38 இஞ்ச் என்பது 96-க்கு மேல். ஆகவே விட்டுவிட முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, ஈரல் பரிசோதனைகளோடு ரத்த அழுத்தமும் பாருங்கள். மது தொடாத பிள்ளைகளுக்கும் ஈரலில் கொழுப்பு படிகிறது, ஸ்கேனில் அடிக்கடி பார்க்கிறேன். குறட்டை விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் விதவிதமாகச் சமைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கு 14 வயது, குக்கர் வைக்கத் தெரியட்டும். சின்ன வெங்காயத்தைக் காலையிலேயே உரித்து வையுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மூன்று விசில்தான், பரோட்டா பார்சலுக்குக் காத்து நிற்கும் நேரம்கூட ஆகாது. டியூசனுக்குத் தட்டப்பயறு வேகவைத்துக் கொடுத்தனுப்புங்கள். கூல்டிரிங்ஸை நிறுத்துங்கள், 250 மி.லி.யில் 5, 6 டீஸ்பூன் சர்க்கரை. காளான் சம்பளச் சனிக்கிழமைக்கு மட்டும், ஒரே தட்டு. பட்டினி போடாதீர்கள். எடை இதற்கு மேல் ஏறாமல் நின்றால், உயரம் கூடக் கூட உடம்பு தேறும். மாமியார் சொன்னது அப்போதுதான் பலிக்கும்.

கேள்வி: வயது 61, உயரம் 168, எடை 64 கிலோ. தொப்பை மட்டும் உண்டு, இடுப்பு 98 செ.மீ. சாயங்காலம் பஜ்ஜி இல்லாமல் டீ இறங்காது. எடை சரிதானே? - கோபி வாசகர்

பதில்: எடை சரி, இடுப்பு தப்பு. நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை. கை, கால் ஒல்லியாக இருக்க வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்வது நம்மவர்களிடம் சகஜம், அதை லேசாக எண்ணக் கூடாது. சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பஜ்ஜியைப் பற்றி ரிப்போர்ட் வந்தபின் பேசிக்கொள்வோமுங்க.