பெர்மிட் வேறு, பைட்டோ வேறு

ஆப்பிள் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது, "பெர்மிட் இருந்தும் இன்னும் என்ன சான்றிதழ்?" என்று கேட்டிருந்தீர்கள். பெர்மிட் என்பது சரக்கு கிளம்பும் முன்பே நம் நாட்டு பிளான்ட் குவாரன்டைன் (செடி, பழங்கள் வழியாகப் பூச்சியும் நோயும் நுழையாமல் தடுக்கும் துறை) அதிகாரி தரும் இறக்குமதி அனுமதி. பைட்டோ, அதாவது பைட்டோசானிட்டரி சான்றிதழ், பழத்தைப் பூச்சி, நோய்க்காகச் சோதித்து ஏற்றுமதி நாட்டு அரசு தருவது. ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

பைட்டோ சான்றிதழிலுள்ள ‘அடிஷனல் டிக்ளரேஷன்’ (கூடுதல் உறுதிமொழி) பகுதியைத்தான் முதலில் பாருங்கள். எந்த நாட்டு ஆப்பிளில் எந்தப் பூச்சி இருக்கக் கூடாது என்று இந்தியாவின் 2003 ஆம் ஆண்டு பிளான்ட் குவாரன்டைன் இறக்குமதி ஆணை பெயர் சொல்லியே கேட்கிறது. "பூச்சியற்றது" என்ற பொதுவான வரி போதாது. பெர்மிட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும், திருத்திய சான்றிதழ் வாங்கி அனுப்பும்படி ஏற்றுமதியாளரிடம் இன்றே சொல்லுங்கள். கன்டெய்னர் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.