‘திறந்தேன், ஒன்றும் வரவில்லை’

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி, நான், லாரி புக்கிங் பார்க்கும் தம்பி என மூன்று பேரும் ஒரே ஜிமெயில் கணக்கை ஒரே பாஸ்வேர்டு வைத்துப் பயன்படுத்துகிறோம். படிக்காத கடிதங்கள் 11,000-க்கு மேல் கிடக்கின்றன. போன மாதம் புனே வியாபாரி ஒருவர் விலை கேட்டு அனுப்பிய கடிதம் நான்கு நாட்கள் யார் கண்ணிலும் படவில்லை. சென்ற வாரம் ‘ஜிஎஸ்டி நோட்டீஸ்’ என்று ஜிப் கோப்புடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு கணினி கொஞ்சம் மெதுவாகிவிட்டது போலத் தெரிகிறது. நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டால் போதும் என்கிறார் முதலாளி. போதுமா ஐயா? இந்த மின்னஞ்சல் குவியலை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்: 11,000 கடிதங்கள் கிடப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அதைவிட அதிகமாகக் குவித்து வைத்திருக்கும் அலுவலகங்களை லீ பஜாரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் ‘திறந்தேன், ஒன்றும் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் படிப்பதை நிறுத்தினேன். பழுதான கோப்பைத் திறந்தால் ‘திறக்க இயலவில்லை’ என்று கணினி முறையிடும். நல்ல கோப்பு என்றால் பக்கம் விரியும். இரண்டும் இல்லாமல் சும்மா இருந்துவிட்டது என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் ஓடி, தன் வேலையைச் செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அப்படித்தான் என்று வைத்து நடந்துகொள்வதே உசிதம்.

ஆகவே குவியலைப் பிறகு பார்ப்போம். இதைப் படித்ததும் அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை இருந்தால் அணையுங்கள். பேங்க் வேலை எதையும் அதில் செய்ய வேண்டாம். பென்டிரைவைச் செருகி, கணக்கை வேறு கணினிக்கு எடுத்துப்போக வேண்டாம். வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே போகும். அடுத்து, முதலாளியின் கைப்பேசியிலிருந்தோ சந்தேகமில்லாத வேறு கணினியிலிருந்தோ ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு பேங்க், ஜிஎஸ்டி, இ-வே பில் தளங்களின் பாஸ்வேர்டுகள். பழைய கணினியில் உட்கார்ந்துகொண்டே மாற்றினால், திருடன் பார்த்துக்கொண்டிருக்கும்போது புதுப் பூட்டுக்குச் சாவி செய்வது போலத்தான்.

இப்போது வருகிறவற்றில் பல, கோப்புகளை அழிப்பதில்லை. பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளத்தையும் அள்ளிக்கொண்டு போகின்றன. அந்த அடையாளம் கையில் கிடைத்துவிட்டால் ஓடிபி கூடத் தேவையில்லை. அதனால் பாஸ்வேர்டை மாற்றியதோடு விடாமல், நல்ல கணினி ஒன்றில் ஜிமெயிலைத் திறந்து, பக்கத்தின் அடியில் வலது மூலைக்குப் போங்கள். பொடி எழுத்தில் ‘டீடெயில்ஸ்’ என்று இருக்கும். அதைத் தட்டினால் கடைசியாக எந்தெந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டது என்று பட்டியல் வரும். அங்கேயே மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானும் இருக்கிறது. அழுத்திவிடுங்கள். தம்பி சிரமப்பட்டு மறுபடி உள்ளே வரட்டும், பரவாயில்லை.

இன்னொரு இடம், பலரும் பார்க்க மறக்கும் இடம். செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு பகுதிகளையும் பாருங்கள். நீங்கள் வைக்காத விதி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் பேட்டையிலேயே வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர் பணம் போட்டுவிட்டேன் என்கிறார், இவர்களுக்கு வரவில்லை. ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குச் செலுத்தவும்’ என்று இவர்கள் முகவரியிலிருந்தே கடிதம் போயிருக்கிறது. பழைய இன்வாய்ஸ், பழைய முத்திரை, கணக்கு எண் மட்டும் வேறு. ஃபில்டர்ஸ் பகுதியைத் திறந்தேன். ‘பேமெண்ட்’ என்ற சொல் உள்ள எந்தக் கடிதம் வந்தாலும் நேராகக் குப்பைக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டுக் கேட்ட இரண்டு கடிதங்களும் அந்தக் குப்பையில்தான் கிடந்தன. ஆன்டிவைரஸ் அங்கேயும் இருந்தது. சந்தா கட்டி, பச்சை விளக்கு எரிந்துகொண்டு.

ஆகவே இன்றைக்கே உங்களிடம் வாங்குகிற எல்லோருக்கும் போன் செய்து, ‘எங்கள் கணக்கு எண் மாறவில்லை, மாறியதாகக் கடிதம் வந்தால் நம்ப வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலில் சொல்வதில் பயனில்லை. அந்தக் கதவைத்தானே சந்தேகப்படுகிறோம். யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் கை மாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. பேங்க்குக்கும் உடனே தகவல் போக வேண்டும்.

கணினியைச் சுத்தம் செய்வதற்கு விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரல் இருக்கிறது. அதில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே சோதிக்கும். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். ஏதாவது அகப்பட்டால், கணக்கு வழக்கும் பேங்க் வேலையும் நடக்கிற கணினி என்பதால், விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே என் கட்சி. அரை நாள் வேலை போகும், மனது நிம்மதியாகும். இடையில் கேட்க வேண்டிய சங்கடமான கேள்வி ஒன்று உண்டு: உங்கள் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா, யாரோ ‘போட்டுக் கொடுத்ததா’? திருட்டுப் பிரதியோடு வருகிற வைரஸ்கள், மின்னஞ்சலில் வருபவற்றுக்குச் சளைத்தவை அல்ல. விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. முதலாளி செலவு செய்ய மனது வைத்திருக்கும் இந்த நேரத்தில், ஆன்டிவைரஸ் காசை அசலான புதிய விண்டோஸ் பக்கம் திருப்புங்கள்.

சரி, அந்த ஜிப் கோப்பு உங்களை எப்படி ஏமாற்றியது? ஒருவேளை உள்ளே ‘நோட்டீஸ் டாட் பிடிஎஃப்’ என்று ஒரு கோப்பு தெரிந்திருக்கலாம். விண்டோஸுக்கு ஒரு கெட்ட பழக்கம், தனக்குத் தெரிந்த வகைக் கோப்பு என்றால் பெயரின் கடைசி வாலை மறைத்துவிடும். உண்மைப் பெயர் ‘நோட்டீஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்று இருந்திருக்கலாம். இது ஓடும் நிரல் என்று காட்டிக்கொடுக்கும் கடைசி ‘இஎக்ஸ்இ’ மறைந்து, ‘பிடிஎஃப்’ மட்டும் அப்பாவியாக நிற்கும். புதிய தந்திரமும் இல்லை. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதே வாலை மறைத்துத்தான் காதல் கடிதமாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தானே போய்ச் சேர்ந்தது. கால் நூற்றாண்டாகியும் அந்த வால் இன்னும் மறைந்தேதான் இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினியிலும் செய்யுங்கள்.

அந்த ஜிப்புக்குப் பாஸ்வேர்டு இருந்ததா, அந்தப் பாஸ்வேர்டும் அதே கடிதத்திலேயே எழுதியிருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் அனுப்புகிறவருக்கு ரகசியம் காக்கும் எண்ணம் ஏது? பூட்டிய ஜிப்புக்குள் ஜிமெயிலின் வைரஸ் சோதனையால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு. இதேபோல, எக்செல் கோப்பு ஒன்று திறந்ததும் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தச் சொல்லிக் கெஞ்சினால், அழுத்தாமல் மூடிவிடுங்கள். விலைப்பட்டியலைப் படிக்க அந்தப் பொத்தான் தேவைப்படாது.

ஜிஎஸ்டி நோட்டீஸ் உண்மையாகவே வந்திருந்தால் அது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கணக்குக்குள்ளும் இருக்கும். கடிதத்தில் உள்ள சுட்டியைத் தொடாமல், நீங்களே தள முகவரியைத் தட்டி உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைப் பாருங்கள். வருமான வரி நோட்டீஸ் என்றால், 2019 அக்டோபர் முதல் ஒவ்வொன்றுக்கும் ஆவண அடையாள எண் உண்டு. அந்த எண்ணை வரித்துறைத் தளத்தில் கொடுத்து உண்மையா பொய்யா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். பேங்க்குகளின் இணைய முகவரிகளும் இப்போது ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகின்றன. அனுப்பியவர் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு, பின்னால் இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் அவசரக் கண்ணுக்கு ‘எம்’ என்றே தெரியும். உங்கள் புனே வியாபாரியின் பெயரில் ஓர் ‘எம்’ இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இனி குவியல். இவ்வளவு நேரம் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அந்த ஜிப்பைத் திறந்தது கவனக்குறைவால் அல்ல என்பது என் கணிப்பு. எது வர வேண்டியது, எது வரக் கூடாதது என்று யாருக்குமே தெரியாத பெட்டியில் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்துக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போவேன். அங்கே கணக்குப் பார்க்கும் பெரியவர் கணினி பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். காலையில் அதில் ‘இன்று வர வேண்டியவை’ என்று எழுதிக்கொள்வார்: மிளகு விலை, லாரி ரசீது, உரக்கடை பில். அந்தப் பட்டியலில் இல்லாத கடிதம் இணைப்புக் கோப்போடு வந்தால், அனுப்பியவருக்குப் போன் போகும். மலையில் சிக்னல் கிடைக்காத நாளில் கோப்பு மறுநாள் வரை காத்திருக்கும். அவரிடம் எனக்குச் சுத்தம் செய்ய வேலையே இருப்பதில்லை. காபி குடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

பழைய 11,000 கடிதங்களையும் படிக்க முயலாதீர்கள், ஆயுள் போதாது. ஒரு மாதத்துக்கு முந்தையவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து ‘ஆர்கைவ்’ செய்யுங்கள். அழிவதில்லை, முன்பக்கத்திலிருந்து ஒதுங்கிவிடும், தேடினால் கிடைக்கும். ‘டெலீட்’ வேறு, குப்பைக்குப் போனது 30 நாட்களில் நிரந்தரமாகப் போய்விடும், தணிக்கைக்காரர் கேட்கும்போது கையைப் பிசைய வேண்டிவரும். எஞ்சிய ஒரு மாதத்துக் கடிதங்களை மட்டும் உட்கார்ந்து பாருங்கள். விளம்பரங்களுக்கு ‘அன்சப்ஸ்கிரைப்’ கொடுங்கள், தெரிந்த நிறுவனமாக இருந்தால் மட்டும். தெரியாதவருக்குக் கொடுத்தால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நீங்களே தாக்கல் சொன்னதாகும். அவற்றை ஸ்பாமில் தள்ளுங்கள்.

லேபிள்கள் நான்குக்கு மேல் வேண்டாம்: வாங்குவோர், லாரி, பேங்க், அரசு. பதினைந்து லேபிள் வைத்த அலுவலகங்களில் எல்லாக் கடிதமும் ‘இதர’ என்பதில்தான் கிடக்கும். பழகிய முகவரிகளிலிருந்து வருபவை தானாக அந்தந்த லேபிளுக்குப் போகும்படி ஃபில்டர் வைத்துவிட்டால், வெளியே மிஞ்சுபவை அறிமுகமில்லாதவை. சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான்.

லாரி ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி கைப்பேசியில் படம் பிடித்து அப்படியே அனுப்புகிறார் என்றால் ஒவ்வொன்றும் பல எம்பி இடம் பிடிக்கும். ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிபி, அதில் டிரைவும் போட்டோக்களும் பங்கு கேட்கும். நிரம்பிவிட்டால் வருகிற கடிதங்கள் திரும்பிப் போகத் தொடங்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள், கடிதத் தலைப்பில் பில் எண்ணும் லாரி எண்ணும் இருக்கட்டும்.

கடைசியாக, மூவருக்கு ஒரே பாஸ்வேர்டு. ஓடிபி முதலாளி போனுக்குப் போகிறது, அவர் மில்லுக்குப் போய்விட்டால் வேலை நிற்கிறது என்பதால் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையே அணைத்து வைத்திருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். எல்லா ஊரிலும் இதுதான் கதை. ஜிமெயிலில் ஒருவர் தன் கணக்கைப் பார்க்க இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் வசதி உண்டு. கணினியில் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் ‘கிராண்ட் ஆக்சஸ்’ என்று இருக்கும். நீங்களும் தம்பியும் உங்கள் சொந்தக் கணக்கு வழியாக உள்ளே வந்து அலுவலகக் கடிதங்களைப் படிக்கலாம், பதில் போடலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஓடிபி அவரவர் போனுக்கே வரும். தம்பி நாளை வேறு கடைக்குப் போய்விட்டால் அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும். யார் எதைப் பார்ப்பது என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். விலை கேட்டு வருபவை உங்கள் பொறுப்பு என்று முடிவானால், புனேக்காரர் நான்கு நாள் காத்திருக்க மாட்டார்.

முதலாளியிடம் இதையெல்லாம் சொல்லும்போது, ஜிப்பைத் திறந்தது நீங்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மறைத்த அலுவலகங்களில்தான் நான் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். டேலி கணக்கின் காப்புப் பிரதி வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதா, அது கணினியிலேயே செருகியபடி கிடக்கிறதா என்றும் பாருங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆனால் அந்தக் கணினியில் இப்போது புதிதாகச் செருக வேண்டாம், ஸ்கேன் முடியட்டும்.