மஞ்சள் கருவைக் கொட்டாதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு 27 வயது, எடை 68 கிலோ. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் 10 முட்டையின் வெள்ளைக் கரு, சமைப்பதற்கு முன் எடைபோட்ட 300 கிராம் கோழி நெஞ்சுக்கறி, இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் எடுத்துக்கொள்கிறேன். என் கணக்கில் 177 கிராம் புரதம் வருகிறது. தானியம், கிழங்கு, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் ஸ்குவாட்டில் (பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) இரண்டு மாதமாக ஒரே எடையில் நிற்கிறேன். மலச்சிக்கல் வேறு. புரதத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. குறைக்கத்தான் வேண்டும்.

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். கோழிக்கறிக்கு 100 கிராமுக்கு 31 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறீர்கள். அது வெந்த கறிக்கான எண். வேகும்போது தண்ணீர் வெளியேறி கறி சுருங்குவதால்தான் அந்த எண் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. நீங்கள் எடைபோட்டதோ பச்சைக் கறி. அதில் 100 கிராமுக்கு 22, 23 கிராம்தான் இருக்கும். பருப்பில் இதே தவறு தலைகீழாக நடக்கும். காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்றால், தண்ணீரைக் குடித்து வெந்த பிறகு அதே 100 கிராமில் 9 கிராம்தான். நான் 44 வயதில் பளு தூக்கத் தொடங்கியபோது மூன்று மாதம் வெந்த பருப்புக்குக் காய்ந்த பருப்பின் எண்ணைத்தான் எழுதிவந்தேன். இத்தனைக்கும் உணவு ஆலோசனைதான் என் தொழில். அதிலிருந்து பச்சையா, வெந்ததா என்று நோட்டில் குறிக்காமல் எதையும் எழுதுவதில்லை.

சரி, திருத்திய கணக்கிலும் உங்களுக்கு 150 கிராம் வருகிறது. தேவை எவ்வளவு? பளு தூக்குபவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2018இல் வெளிவந்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் வரை புரதம் தசைக்கு உதவுகிறது, அதற்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை என்பது அதன் முடிவு. உங்களுக்கு அது 109 கிராம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.)

அப்படியானால் ஸ்குவாட் ஏன் நகரவில்லை? தூக்கம், பயிற்சித் திட்டம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அவற்றையும் பாருங்கள். ஆனால் உங்கள் தட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவது மாவுச்சத்து இல்லாததுதான். கனமான செட்டுகளில் தசை அதிகம் செலவழிப்பது, தனக்குள் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனை. அதை நிரப்புவது தானியமும் கிழங்கும் பழமும். மொத்தக் கலோரியும் குறைந்துவிட்டால், சாப்பிட்ட புரதத்தில் ஒரு பங்கைத் தசை கட்டுவதற்குப் பதிலாக எரிபொருளாகவே உடல் எரித்துவிடும். மலச்சிக்கலுக்கும் பெரிய காரணம் தேட வேண்டாம். முட்டை, கோழி, பவுடர் மூன்றிலும் நார்ச்சத்து என்பதே கிடையாது.

எனக்கு மனசு வலித்தது அந்த 10 மஞ்சள் கருவைப் படித்தபோதுதான். முட்டையின் 6 கிராம் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மஞ்சள் கருவில் இருக்கிறது. வைட்டமின் டி, பி12, கோலின் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். கொலஸ்ட்ரால் பயமா? ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இருந்த பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே தன் 2015–2020 பதிப்பில் நீக்கிவிட்டது. சர்க்கரை நோயோ, கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமோ இருப்பவர்கள் மட்டும் எத்தனை முட்டை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்குப் போடும் தட்டு இது: மூன்று, நான்கு முழு முட்டை. பச்சையாக எடைபோட்ட கோழி 200 கிராம், வாரத்தில் இரண்டு நாள் அதற்குப் பதில் கொழுப்புள்ள மீன். வெந்த பருப்போ கொண்டைக்கடலையோ 200 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டர். இதிலேயே சுமார் 100 கிராம் வந்துவிடும். தானியம் மீதியைத் தரும். பவுடர் தேவையே இல்லை. கோழி அலுத்துப்போனால் சாசேஜ் பக்கம் போகாதீர்கள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது. நார்ச்சத்தை மட்டும் ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். பருப்பை 50 கிராமில் தொடங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: நான் சைவம், பால் மட்டும் சாப்பிடுவேன். வயது 41, எடை 58 கிலோ. புரதத்துக்காக தினமும் 100 கிராம் நிலக்கடலையும் ஒரு கைப்பிடி பாதாமும் சாப்பிடுகிறேன். பலம் கூடுகிறது, ஆனால் இடுப்பளவும் கூடுகிறது. சோயா சாப்பிட வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: சகோதரி, கடலை நல்ல உணவு. ஆனால் அதைப் புரத உணவு என்று சொல்வதைவிடக் கொழுப்பு உணவு என்று சொல்வதே பொருத்தம். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம், கூடவே 49 கிராம் கொழுப்பு, 570 கலோரி. அதே 25 கிராம் புரதத்தை 50 கிராம் காய்ந்த சோயா உருண்டை 200 கலோரிக்குள் கொடுத்துவிடும். கடலையையும் பாதாமையும் சேர்த்து ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். அந்த இடத்தில் சோயா, டோஃபு (சோயா பன்னீர்), பருப்பு, கெட்டித் தயிர் வரட்டும்.

சோயாவில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புள்ள ஐசோஃபிளவோன் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஈஸ்ட்ரோஜனே அல்ல, அதன் வீரியமும் மிகக் குறைவு. ஆண்களிடம்கூட ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல்களில் தெரியவில்லை. வீட்டில் இதைச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அன்றைக்குள் இரண்டும் வந்தால் போதும். உங்களுக்கு 70 முதல் 93 கிராம் வரை புரதம் போதுமானது. அதை மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் தானியத்தோடு எழுந்துவிடுவதுதான் சைவம் சாப்பிடுபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. வேலைநாளில் சமைக்க நேரமில்லை என்றால் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, அதுவும் பாலிலிருந்து வருவதுதான். அப்புறம், பி12 அளவை ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடித்தால் புரதம் முழுதாகச் சேருமா?

பதில்: நேர்மாறு. வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உடல் எடுத்துக்கொள்கிறது, பச்சை முட்டையில் பாதியைத்தான். சால்மொனெல்லா கிருமி பயமும் உண்டு. வேகவைத்தே சாப்பிடுங்கள், பாலைத் தனியாகக் குடியுங்கள்.