யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் ஆட்டம் ஏன் ஒரே சீராக இல்லை? அவரை நம்பிக் காத்திருக்கலாமா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-லின் 2022-ஆம் ஆண்டு டிராப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த ஸ்லாஃப்கோவ்ஸ்கி, முதல் மூன்று சீசன்களில் ஒரு வாரம் எதிரணியைப் புரட்டி எடுத்தார், மறுவாரம் இருக்குமிடமே தெரியவில்லை. இவர் தேறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தேறுவார் என்பது என் பதில். எந்த அளவுக்கு என்பதில்தான் எனக்கும் மற்ற ரசிகர்களுக்கும் சண்டை.

நான் மாண்ட்ரியலில் வசிக்கிறேன். இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். அக்டோபர் பிறந்துவிட்டால் ரயிலிலும் அலுவலக மதிய உணவு மேசையிலும் வேறு பேச்சு கிடையாது, அந்தப் பேச்சில் பாதி இந்த ஒருவரைப் பற்றியது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2022-23 சீசனில் 39 ஆட்டங்கள், 4 கோல்கள், 10 பாயிண்டுகள் (கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒரு பாயிண்டு). ஜனவரியில் முழங்காலில் அடிபட்டு அத்துடன் சீசன் முடிந்தது. 2023-24-ல் 82 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல்கள், 50 பாயிண்டுகள். 2024-25-ல் 79 ஆட்டங்களில் 18 கோல்கள், 51 பாயிண்டுகள். இரண்டாம் ஆண்டில் பெரிய தாவல், மூன்றாம் ஆண்டில் அதே இடம். குறை சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த மூன்றாம் ஆண்டைத்தான். அதிலும் பின்னிரண்டு சீசன்களிலும் முன்பாதி வறட்சியாகவும் பின்பாதி செழிப்பாகவும் அமைந்துவிட்டன. ஆகவே அவர்கள் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை.

ஆனால் இந்த ஏற்ற இறக்கம் மாண்ட்ரியலுக்கு வந்த பிறகு தொற்றிய நோய் அல்ல. டிராப்டுக்கு முந்தைய குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். பின்லாந்தின் டிபிஎஸ் அணிக்காக லீக் போட்டிகளில் 31 ஆட்டங்கள் ஆடி 5 கோல்கள் அடித்தார். அதே குளிர்காலத்தில், 17 வயதில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டங்களில் 7 கோல்கள் அடித்தார். ஸ்வீடனை 4-0 என்று வென்று ஸ்லோவாக்கியா வெண்கலம் வாங்கிய ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. ஒலிம்பிக் ஹாக்கியில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கனடியன்ஸ் நிர்வாகம் இந்த இரண்டு பக்கங்களையும் பார்த்துத்தான் எடுத்தது. வாங்கும்போதே தெரிந்திருந்த குணத்தை வாங்கிய பின் ஏமாற்றம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, சீரான ஆட்டம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? கோலை மட்டும் கொண்டு அளந்தால் யாருமே சீரானவர் இல்லை. 82 ஆட்டங்களில் 20 கோல் அடிப்பவருக்குச் சராசரியாக நான்கு ஆட்டங்களுக்கு ஒரு கோல். அவருக்கு நடுவில் ஏழெட்டு ஆட்டங்கள் கோலே விழாமல் போவது சீசனில் ஓரிரு முறை நடந்தே தீரும். எந்தக் குறையும் இல்லாமலே நடக்கும். ஆனால் அந்த ஏழெட்டு ஆட்டங்களில்தான் வானொலி நிகழ்ச்சிகளும் நாளிதழ்களும் அவரைக் கிழித்துத் தொங்கவிடுகின்றன.

ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஒரு பவர் ஃபார்வர்டு, அதாவது உடல் வலுவைக் கொண்டு ஆடும் முன்கள ஆட்டக்காரர். அந்த வேலையே வேறு. மூலையில் போய்ப் பக்கை, அதாவது ரப்பர் வட்டை, பிடுங்க வேண்டும், எதிரணித் தடுப்பாட்டக்காரர் முதுகில் ஏறி இடித்தாலும் பிடித்து வைத்திருக்க வேண்டும், கோல் கீப்பரின் கண்ணை மறைத்து நிற்க வேண்டும். தொலைக்காட்சி கேமரா பக்கின் பின்னாலேயே ஓடுவதால் இதில் பாதி நம் கண்ணில் படுவதில்லை. கனடியன்ஸின் சொந்த அரங்கமான பெல் சென்டரின் மேல்தட்டு இருக்கைகள் செங்குத்தானவை. அங்கிருந்து பார்த்தால் பனித்தளம் முழுவதும் வரைபடம்போல் விரிந்து கிடக்கும். ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் ஆட்டத்தை எடைபோட அதைவிட நல்ல இடம் இல்லை.

அங்கிருந்து அவருடைய நல்ல ஷிப்ட் (பனித்தளத்தில் ஒருமுறை இறங்கி ஆடும் சிறு நேரம்) ஒன்றைப் பார்த்தால் இப்படி இருக்கும். பக் எதிரணி மூலைக்குப் போகிறது. 191 சென்டிமீட்டர் உயர உடம்பு முழு வேகத்தில் போய்ச் சுவரோரம் இறங்குகிறது. முதலில் எதிராளியின் கைக்கும் பக்கிற்கும் நடுவே இடுப்பை நுழைத்துவிடுகிறார். பக்கைத் தொடுவது அதற்குப் பிறகுதான். எதிராளி ஸ்டிக்கால் துழாவுகிறார், பலனில்லை. இதற்குள் இன்னொரு தடுப்பாட்டக்காரரும் உதவிக்கு இறங்கி வந்துவிடுகிறார். அவர் விட்டுவந்த இடத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் சக ஆட்டக்காரர் காஃபீல்டு தனியாக நிற்கிறார். ஒரு சின்னப் பாஸ், கோல். எழுத்துக்கணக்கில் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு ஒரு அசிஸ்ட் விழுகிறது (கோலுக்கு முந்தைய கடைசி இரண்டு பாஸ்களுக்குத்தான் அது). பாஸ் இன்னொரு சக ஆட்டக்காரரான சுசூகி வழியாகச் சுற்றி, அவர் கையிலிருந்தும் இன்னொருவர் கைமாறிப் போயிருந்தால் அதுவும் இல்லை. சுசூகியும் காஃபீல்டும் உருவத்தில் பெரியவர்கள் அல்லர். 2024-25-ல் சுசூகி 89 பாயிண்டுகளும் காஃபீல்டு 37 கோல்களும் எடுத்தார்கள் என்றால், அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த மூன்றாவது ஆளுக்கும் அதில் பங்கு உண்டு.

கெட்ட நாளில் என்ன நடக்கிறது? சோம்பேறித்தனம் என்கிறார்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. கெட்ட நாளில் அவருடைய கால்கள் நின்றுவிடுகின்றன. சுவரருகே வந்ததும் சறுக்குவதை நிறுத்திவிட்டு, நீண்ட கையை மட்டும் நீட்டிப் பக்கை எட்டப் பார்க்கிறார். ஸ்லோவாக்கியாவில் சிறுவனாக ஆடியபோது அந்தக் கை போதுமானதாக இருந்திருக்கும். என்எச்எல் தடுப்பாட்டக்காரர்களுக்கும் அதே நீளக் கை இருக்கிறது. கால் நின்றால் உடம்பின் எடை பயன்படாது. உடம்பு பயன்படாவிட்டால் அவர் வெறும் பெரிய ஆட்டக்காரர், பவர் ஃபார்வர்டு அல்ல. இன்னொரு குறையும் இருக்கிறது. கோலுக்கு நேரே நல்ல இடத்தில் பக் கிடைத்தாலும் அடிக்காமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறார். இது தாராள மனம்தான், ஆனால் அணிக்கு நஷ்டம். இரண்டில் முதல் குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடிக்காமல் பாஸ் கொடுப்பவர் ஆட்டத்திலாவது இருக்கிறார். கால் நின்றவர் ஆட்டத்திலேயே இல்லை.

பயிற்சியாளர் மார்ட்டின் சேன் லூயி அவரைத் திட்டி உட்கார வைப்பதைவிட ஆட்டத்தை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் நம்பிக்கை உள்ளவர். சேன் லூயியே டிராப்டில் யாரும் எடுக்காத குள்ள உருவ ஆட்டக்காரராக வந்து 2004-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். பொறுமையின் பலன் அவருக்குத் தெரியும்.

பொறுமை என்று சொல்லும்போது கேம் நீலியின் கதையைச் சொல்லாமல் முடியாது. வான்கூவர் அணிக்காக முதல் மூன்று சீசன்களில் நீலி ஆடியது 201 ஆட்டங்கள். 51 கோல்கள், 104 பாயிண்டுகள். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் மூன்று சீசன்களில் ஆடியது 200 ஆட்டங்கள். 42 கோல்கள், 111 பாயிண்டுகள். 80-களின் நடுப்பகுதியில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து எட்டு கோல்களை ஒட்டி அடித்தார்கள், இப்போது ஆறை ஒட்டித்தான் விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் சீசனில் நீலியின் கோல் எண்ணிக்கை 21-லிருந்து 14-ஆக இறங்கியது. வான்கூவர் சலித்துப்போய் 1986 ஜூன் 6 அன்று அவரைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. அன்று அவருக்கு 21-வது பிறந்தநாள். அடுத்த சீசனிலேயே பாஸ்டனுக்காக 36 கோல்கள். பிறகு 55, 51, ஒருமுறை வெறும் 49 ஆட்டங்களில் 50. இன்றைக்கு பவர் ஃபார்வர்டு என்றாலே முதலில் வரும் பெயர் அவருடையது.

இதனால் ஸ்லாஃப்கோவ்ஸ்கி இன்னொரு நீலி ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. காத்திருந்தும் பலிக்காத கதைகளும் உண்டு. 2016-ல் எட்மண்டன் நான்காவதாக எடுத்த யெஸ்ஸி புல்யுயார்வியும் இதே போன்ற உயரமும் வேகமும் கொண்டவர். இடுப்பு மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை, அறுவை சிகிச்சை வரை போனது. 2020-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் முதலாவதாக எடுத்த லாஃப்ரெனியேர் 2023-24-ல் 57 பாயிண்டுகள் எடுத்து எல்லோரையும் வாயடைக்க வைத்தார், மறு ஆண்டே 45-க்கு இறங்கினார். அப்படியிருந்தும் ஸ்லாஃப்கோவ்ஸ்கி மீது எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம், மோசமாகத் தொடங்கிய இரண்டு சீசன்களையும் அவர் நன்றாக முடித்ததுதான். பிப்ரவரி, மார்ச்சில் எல்லோருடைய உடம்பும் சோர்ந்திருக்கும்போது, பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்று) போட்டி போடும் எதிரணிகள் இறுக்கிப் பிடிக்கும்போது, அவர் ஆட்டம் மேலே போகிறது. எளிய ஆட்டங்களில் மட்டும் கோல் அடிப்பவரிடம் இது இருக்காது.

அவருக்குப் பதிலாக அதே டிராப்டில் இருந்த ஷேன் ரைட்டையோ லோகன் கூலியையோ எடுத்திருக்கலாமே என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2024-25-ல் கூலி யூட்டாவுக்காக 65 பாயிண்டுகள் எடுத்தார், ரைட் சியாட்டிலுக்காக 44. அந்த ஒரு சீசனில் கூலிதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் சுசூகி நடுவிலும் காஃபீல்டு ஓரத்திலும் இருக்கும் அணிக்குச் சுவரோரம் சண்டையிட்டு ஜெயிக்க ஓர் ஆள் வேண்டும். கூலியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

என் கணிப்பு இதுதான்: நல்ல சீசன்களில் 30 கோல்களும் 65, 70 பாயிண்டுகளும் எடுப்பார், நூறு பாயிண்டு நட்சத்திரம் ஆக மாட்டார். முதல் தேர்வு என்ற பட்டத்தை வைத்து நூறு எதிர்பார்ப்பவர்கள் பத்து வருடமும் குறைபட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

இவரை இப்போதே விற்றுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2024 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் 8 வருடங்களுக்கு 6 கோடியே 8 லட்சம் டாலர், அதாவது ஆண்டுக்கு 76 லட்சம். 2025-26-ல் அது நடைமுறைக்கு வந்தபோதே அணிகளின் சம்பள உச்சவரம்பு 8 கோடியே 80 லட்சத்திலிருந்து 9 கோடியே 55 லட்சம் டாலராக ஏறிவிட்டது, மேலும் ஏறப்போகிறது. ஒப்பந்தம் முடியும் 2033-ல் அவருக்கு 29 வயது. பவர் ஃபார்வர்டுகளின் உடம்பு முழு வலுவோடு இருக்கும் ஆண்டுகள் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டன. இந்த நிலையில் அவரை விற்க நினைப்பவர்கள், வான்கூவர் 1986-ல் செய்ததைத் தெரிந்தே மறுபடி செய்யச் சொல்கிறார்கள்.